ரீமேப் செய்த காருக்கு எந்த பெட்ரோல்? வடசென்னைக்காரரின் கணக்கு

டர்போ காரை ரீமேப் செய்துகொண்டு, அதாவது இழுவை கூட்ட இன்ஜின் கணினியின் கணக்கை மாற்றி எழுதிக்கொண்டு, வருகிறவர்கள் மறுநாளே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இனி 100 ஆக்டேன் உள்ள எக்ஸ்பி100 பெட்ரோல்தான் போட வேண்டுமா, 95 ஆக்டேன் போதாதா? கேள்வியில் தப்பில்லை, கேட்கிற நேரம்தான் தப்பு. சட்டையைத் தைத்து முடித்துவிட்டு அளவு எடுக்கிற வேலை இது. நாம் தினமும் போய் வரும் வழியில் எந்த பெட்ரோல் தடையில்லாமல் கிடைக்கும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அதற்கேற்ற மேப்பைத்தான், அதாவது மாற்றி எழுதிய அந்தக் கணக்கைத்தான், அதை எழுதித் தரும் டியூனரிடம் கேட்க வேண்டும். பெரம்பூரிலோ திருவொற்றியூரிலோ வீடு, அம்பத்தூரிலோ கும்மிடிப்பூண்டியிலோ வேலை, கையில் ஸ்டேஜ் 1 செய்த (உதிரி பாகம் மாற்றாமல் மேப் மட்டும் மாற்றிய) ஒரு ஃபோக்ஸ்வாகன் போலோ டி.எஸ்.ஐ. அல்லது வெர்டஸ். இப்படி ஓர் ஆளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஆக்டேன் எண் பெட்ரோலின் பலத்தைச் சொல்லும் எண் அல்ல. சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் ஏறும்போது, ஸ்பார்க் பிளக் மூட்டிய சுடர் வந்து சேரும்வரை தானாக வெடிக்காமல் பொறுத்திருக்கும் குணத்தின் அளவு அது. ஐசோ ஆக்டேனுக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்துக்கொண்டு, பரிசோதனை இன்ஜின் ஒன்றில் ஓட்டிப் பார்த்து எண் கொடுக்கிறார்கள். பொறுக்க முடியாமல் முந்திக்கொண்டு வெடித்தால் அதற்குத்தான் நாக்கிங் என்று பெயர். இன்ஜினில் பொருத்தியிருக்கும் சென்சார் அந்தத் தட்டலைக் கேட்டதும், கணினி ஸ்பார்க் விழும் நேரத்தைப் பின்னுக்கு நகர்த்தும். வண்டி உடைவதில்லை. ஆனால் பணம் கொடுத்து வாங்கிய இழுவையைச் சத்தமில்லாமல் திரும்ப எடுத்துக்கொண்டுவிடும்.

போலோவின் 1.0 டி.எஸ்.ஐ. இன்ஜின் கம்பெனியிலிருந்து வரும்போது 110 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர். ரீமேப் செய்யும்போது டர்போ அழுத்தத்தைக் கூட்டி, ஸ்பார்க்கை முன்னே நகர்த்துகிறார்கள். இரண்டுமே நாக்கிங்கின் விளிம்பை நோக்கிப் போகிற வேலைகள். விளிம்பை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பது அந்த மேப்பின் எண்ணில் இருக்கிறது. 95க்கு எழுதிய மேப்பில் 100 ஊற்றினால், கோடை மதியத்தில் ஸ்பார்க் பின்னுக்குப் போகாமல் நிற்கும். அவ்வளவுதான் லாபம். 100க்கு எழுதிய மேப்பில் 95 ஊற்றினால் கார் தன்னைத்தானே அடக்கிக்கொண்டு ஓடும். சென்சார் சமாளிக்க முடியாத அளவுக்குப் போனால் பிஸ்டனில் வேலை வைக்கும். மேப்பே மாற்றாத வண்டியில் 100 ஊற்றிவிட்டு "பிக்கப் எகிறிவிட்டது" என்பவர்களைக் கண்டால் நான் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

மேப்பின் எண்ணிலேயே ஒரு குழி இருக்கிறது. அமெரிக்க டியூனிங் கம்பெனிகள் 91, 93 என்று எழுதுவது நம் ஊர் 91 அல்ல. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் எழுதுவது ஆராய்ச்சி முறை எண். அமெரிக்க பங்க்குகளில் எழுதுவது ஆராய்ச்சி முறை, மோட்டார் முறை என்ற இரண்டின் சராசரி. அவர்களுடைய 91 நம் கணக்கில் ஏறக்குறைய 95 அல்லது 96. அவர்களுடைய 93 நம் 98ஐத் தொடும். நம்முடைய பழைய சாதாரண 91 அங்கே வெறும் 87. "91 ஆக்டேன் ஃபைல்தான் சார், நம்ம ஊர் பெட்ரோலுக்குச் சரியாக இருக்கும்" என்று யாராவது சொன்னால், அந்த ஃபைல் எந்த ஊரில் எழுதப்பட்டது என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சாதாரண பெட்ரோலைப் பலர் எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிடுகிறார்கள். நிலைமை மாறியிருக்கிறது. 2023 பிப்ரவரியில் இ20 விற்பனை தொடங்கியது; 2025க்குள் நாடெங்கும் அதுவே சாதாரண பெட்ரோல் ஆகிவிட்டது. முன்பு 91 ஆக இருந்தது, 20 சதவீத எத்தனால் கலப்பால் 95க்கு உயர்ந்திருப்பதாக மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கம் கொடுத்தது. எத்தனாலின் ஆக்டேன் எண் சுமார் 108.5 என்பதும் அதே விளக்கத்தில் இருக்கிறது. டர்போ காருக்கு எத்தனால் இன்னொரு வகையிலும் உதவும். ஆவியாகும்போது அது உறிஞ்சும் வெப்பம் பெட்ரோலைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜினில் அந்தக் குளிர்ச்சி முழுதாகக் கிடைக்கிறது.

அதற்கு விலையும் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகா ஜூல் ஆற்றல் என்றால், எத்தனாலில் சுமார் 21தான். கணக்குப் போட்டால் எத்தனாலே இல்லாத பெட்ரோலைவிட இ20இல் ஏறக்குறைய 7 சதவீதம் குறைவு. ஒரு பங்கு எரிபொருள் எரிய வேண்டிய காற்றும் 14.7 பங்கிலிருந்து 13.5 அளவுக்கு இறங்குவதால், அதே காற்றுக்கு இன்ஜின் அதிக எரிபொருள் பீய்ச்ச வேண்டியிருக்கும். கம்பெனி மேப்பில் ஓடும் காருக்கு இது மைலேஜ் பிரச்சினை மட்டும். ரீமேப் செய்த காரில் உயர் அழுத்த பம்ப் ஏற்கெனவே அதன் எல்லைக்கு அருகில் வேலை செய்துகொண்டிருக்கும். மேல் ஆர்.பி.எம்.மில் எரிபொருள் அழுத்தம் சரிந்தால் கலவையில் பெட்ரோல் குறைந்து வறண்டுபோகும். அங்கே ஆக்டேன் எவ்வளவு இருந்தும் பயனில்லை. 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான கார்களுக்கு ரப்பர் குழாய், சீல் கவலை தனி. போலோ இந்தியாவில் 2022லேயே தயாரிப்பு நின்றுபோன வண்டி என்பதை அதன் உரிமையாளர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்தது 95 என்று எண் போட்டு விற்கும் எக்ஸ்பி95 போன்ற வகைகள். லிட்டருக்குச் சில ரூபாய்தான் கூடுதல். வடசென்னையில் தேடி அலைய வேண்டியதும் இல்லை. ஆனால் எதற்காக அந்தக் கூடுதல் பணம்? சாதாரண பெட்ரோல் 91 ஆக இருந்த காலத்தில் பதில் தெளிவாக இருந்தது. இப்போது இரண்டிலும் 95, இரண்டிலும் எத்தனால். மிஞ்சுவது துப்புரவுச் சேர்மானம். நேரடிப் பீய்ச்சல் இன்ஜினில் பெட்ரோல் உள்வால்வின் மேல் படுவதே இல்லை. ஆகவே வால்வில் படியும் கரியை எந்த பெட்ரோலும் கழுவாது. இன்ஜெக்டரின் முனை சுத்தமாக இருக்கும், அது சிறிய லாபமல்ல. நான் 95 வகையைப் போடச் சொல்வது அந்த முனைக்காகவும், பம்பில் எண் எழுத்திலேயே இருக்கிறது என்ற நிம்மதிக்காகவும்தான். பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். முன்பு எக்ஸ்ட்ரா பிரீமியம் என்று கூடுதல் விலைக்கு விற்றதும் 91தான்.

இனி 100க்கு வருவோம். இந்தியன் ஆயில் எக்ஸ்பி100ஐ 2020 டிசம்பர் 1ஆம் தேதி அறிமுகம் செய்தது. அப்போது டெல்லியில் சாதாரண பெட்ரோல் 82 ரூபாய் சொச்சம், இது 160. தயாரிப்பு உத்தரப் பிரதேசத்தின் மதுரா சுத்திகரிப்பு ஆலையில் தொடங்கியது. மணலி ஆலையின் புகைபோக்கி தெரியும் தூரத்தில் இருப்பதால் நமக்கு நல்ல சரக்கு முதலில் வரும் என்று பேசும் நண்பர்கள் எல்லாருக்கும் உண்டு. வருவது வாடை மட்டும்தான். சென்னை பெட்ரோலியம் 1969இலிருந்து இங்கே ஆண்டுக்கணக்காக எண்ணெய் சுத்திகரித்தாலும், 100 ஆக்டேன் நம்மிடம் வந்தது வெகுதூரம் சுற்றித்தான்.

அதில் எத்தனால் கலப்பதில்லை. 100இன் உண்மையான கவர்ச்சியே அந்த இரண்டும் சேர்ந்திருப்பதுதான்: பொறுமையும் உண்டு, ஆற்றலும் குறையவில்லை. மைலேஜ் கூடும் என்பதும் பொய்யல்ல. ஆனால் கூடும் அந்த 7 சதவீதம், 100 ரூபாய் பெட்ரோலில் 7 ரூபாய் மதிப்பு. விலை வித்தியாசமோ அதைப்போலப் பல மடங்கு. லிட்டருக்கு 60 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 கி.மீ. ஓட்டுகிறீர்கள், உற்சாகமாக ஓட்டுவதால் லிட்டருக்கு 10 கி.மீ. மாதம் 100 லிட்டர், கூடுதல் செலவு 6,000 ரூபாய், வருடத்துக்கு 72,000. அந்தப் பணத்தில், டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றை ஆறவைக்கும் இன்டர்கூலரைப் பெரிதாகப் பொருத்தி, ஒரு படி குளிர்ந்த (சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும்) ஸ்பார்க் பிளக் போட்டு, 95க்கே மேப்பைத் திருத்தி எழுதிக்கொள்ளலாம். பெட்ரோலில் போட்ட பணம் புகையாகப் போகும், இன்டர்கூலர் வண்டியோடு இருக்கும்.

நம் பக்கத்து சாலைகளை வைத்துப் பார்த்தால் இன்டர்கூலர் யோசனை இன்னும் பலமாகிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும். பின்னால் மாட்டிக்கொண்டால் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்து போக வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் வெளியே 40 டிகிரி. முன் கிரில்லுக்குள் காற்று நுழைவதே இல்லை. இன்டர்கூலர் தொட முடியாத சூட்டில் இருக்கிறது. வழி கிடைத்தவுடன் மிதித்தால் சிலிண்டருக்குள் போகும் காற்று ஏற்கெனவே கொதித்த காற்று. உள்ளே வரும் காற்றின் வெப்பநிலை பத்து, பதினைந்து டிகிரி ஏறினால் ஆக்டேனில் வாங்கிய சாதகத்தில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும். டிரெய்லரைத் தாண்டிய முதல் இரண்டு கிலோமீட்டருக்குப் பொறுமையாக ஓட்டி, காற்றோட்டத்தில் ஆறவிட்டுப் பிறகு மிதிப்பது காசில்லாத ஆக்டேன்.

இதே சாலைகளில் இன்னொரு பழக்கமும் உண்டு. மணலி விரைவுச் சாலையில் ஐந்தாம் கியரில் 1,500 ஆர்.பி.எம்.மில் போய்க்கொண்டிருப்பவர், லாரியை முந்த கியரைக் குறைக்காமலே ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்துவார். ரீமேப் செய்த சிறிய டர்போவில் அந்த ஆர்.பி.எம்.மிலேயே முறுக்குவிசை மலைபோல் வந்து நிற்பதால் கை கியருக்குப் போக மறுக்கும். ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் கோளாறு நிகழ்வது அந்த இடத்தில்தான். நாக்கிங்கைவிடப் பல மடங்கு மூர்க்கமானது. பிஸ்டன் வளையத்தின் மேட்டை உடைக்கக்கூடியது. 100 ஆக்டேன் இதற்குக் கேடயமல்ல. இன்ஜின் ஆயில்தான் இதில் பெரிய பங்கு வகிக்கிறது. இதற்கான சோதனையையும் உள்ளடக்கிய ஏ.பி.ஐ. எஸ்.பி. என்ற ஆயில் தரம் 2020இல் வந்தது. கம்பெனி சொன்ன தடிமனில், அந்தத் தர ஆயிலை, கம்பெனி சொல்வதைவிடச் சீக்கிரமாக மாற்றுங்கள். கியரையும் குறையுங்கள்.

எந்த வகை என்பதோடு எந்த பங்க் என்பதும் சேர்ந்த கேள்வி. வடகிழக்குப் பருவமழையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, மணலி போன்ற தாழ்வான பகுதிகளில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பதை வருடா வருடம் பார்க்கிறோம். பங்க்கின் தரையடித் தொட்டிக்குள் தண்ணீர் கசிந்தால் பழைய பெட்ரோலில் அது அடியில் தனியாக நிற்கும். எத்தனால் கலந்த பெட்ரோலில் கதையே வேறு. தண்ணீர் எத்தனாலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அடியில் தனி அடுக்காக இறங்கிவிடும். மேலே மிஞ்சும் பெட்ரோல் தன் ஆக்டேனின் ஒரு பகுதியை இழந்துவிடும். 95 என்று நம்பி ஊற்றுவது அதற்கும் கீழேதான் இருக்கும். மழை வடிந்த முதல் வாரத்தில், தண்ணீர் நின்ற இடத்து பங்க்கைத் தவிர்ப்பது நல்லது. சந்தேகம் வந்தால் வடிதாள் சோதனை கேட்கலாம்: ஒரு சொட்டு விட்டு ஆறவிட்டால், நல்ல பெட்ரோல் கறை வைக்காமல் ஆவியாகும். அடர்த்தியையும் அளந்து காட்டச் சொல்லலாம். முகம் சுளிப்பார்கள், கேட்பது நம் உரிமை.

100 வகைக்கு இங்கே தனிச் சிக்கல். குறிப்பிட்ட சில பங்க்குகளில் மட்டும்தான் கிடைக்கும், விற்பனையும் மெதுவாக நடக்கும். கடைசியாக லோடு எப்போது வந்தது என்று மேலாளரிடம் கேட்டுவிட்டு நிரப்புங்கள். கிளம்பும் முன் போன் செய்து இருப்பைக் கேட்பதும் அவசியம். இல்லையென்று தெரிந்து திரும்பி வருவதற்கே அரை லிட்டர் போய்விடும்.

நிரப்பும்போது பாதிக்குப் பாதி கலப்பது நான் விரும்பும் நடுவழி. பாதி டேங்க் எக்ஸ்பி100, பாதி டேங்க் 95 இ20. ஆக்டேன் ஏறக்குறைய 97, 98க்கு வரும். எத்தனால் பாதியாகி, கலவை இ10 ஆகிவிடும். இ10 ஓட்டத்துக்கு என்று வடிவமைத்த 2023க்கு முந்தைய டி.எஸ்.ஐ. கார்களுக்கு இதைவிடப் பொருத்தமான தீனி பங்க்கில் கிடைக்காது. செலவும் பாதி. 95க்கு எழுதிய மேப் இதில் கோடையிலும் நிம்மதியாக ஓடும்.

புட்டியில் வரும் ஆக்டேன் பூஸ்டர்களைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. "30 பாயிண்ட் உயர்வு" என்று போட்டிருந்தால் 95, 125 ஆகாது. அந்த வியாபாரத்தில் ஒரு பாயிண்ட் என்பது பெரும்பாலும் ஆக்டேன் எண்ணில் பத்தில் ஒன்று. மாங்கனீசு, இரும்புச் சேர்மங்கள் கலந்தவை பிளக்கின் முனையில் செம்பழுப்புப் படிவு விடும். கெமிக்கல் கடைகள் நம் பகுதியில் அதிகம் என்பதால் டொலுயீன் கலக்கும் யோசனையும் சுற்றுகிறது. நுரையீரலுக்கும் நரம்புக்கும் ஆகாத கரைப்பான் அது. வீட்டு மொட்டை மாடியில் ஊற்றிக் கலக்கும் பொருளல்ல. விமானப் பெட்ரோல் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள ஈயம் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் ஆக்சிஜன் சென்சாரையும் கொன்றுவிடும். ஈயப் பெட்ரோல் காலம் சோழவரம் ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாட்களோடு போகட்டும்.

சுவாரசியமான ஒரு வழி எத்தனால் 100. பெட்ரோல், எத்தனால் இரண்டிலும் ஓடும் ஃபிளெக்ஸ் ஃபியூயல் வண்டிகளுக்காக 2024 மார்ச்சில் தமிழ்நாடு உட்பட ஐந்து இடங்களில், 183 பங்க்குகளில் அறிமுகமானது. அதில் எத்தனால் சுமார் 93 சதவீதம். 10 லிட்டர் எத்தனால் 100, 30 லிட்டர் இ20 என்று கலந்தால் டேங்கில் இருப்பது ஏறக்குறைய இ38. ஆக்டேனும் குளிர்ச்சியும் 100 வகையையே மிஞ்சலாம், விலையும் மலிவு. ஆனால் எத்தனால் அளவை அறியும் சென்சார், அதற்கென எழுதிய மேப், கூடுதல் ஓட்டம் தாங்கும் பம்ப் ஆகிய மூன்றும் இல்லாமல் தொட்டால் கலவை வறண்டு இன்ஜினுக்கே ஆபத்து. ஸ்டேஜ் 1 காருக்கு இது வேண்டாத வேலை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் உடம்பின் உணர்வை நம்பாதீர்கள். காசு அதிகம் கொடுத்த டேங்க் எப்போதும் வேகமாகத்தான் தோன்றும். கார் கணினியின் தகவலைப் படிக்க உதவும் ஓ.பி.டி. துளையில் ஒரு ரீடரைச் செருகி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஸ்பார்க் எத்தனை டிகிரி பின்வாங்குகிறது என்பதையும், உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையையும், எரிபொருள் அழுத்தத்தையும் பதிவு செய்யுங்கள். வண்டியின் இழுவையை நிற்க வைத்தே அளக்கும் டைனோ உள்ள ஒர்க் ஷாப் என்றால் நல்லது. சாலையில்தான் என்றால் காரனோடை தாண்டி, காலியான விடியற்காலையில், மூன்றாம் கியரில் 2,000லிருந்து 4,500 ஆர்.பி.எம். வரை போதும், வேக வரம்பைத் தாண்டத் தேவையில்லை. ஓரிரு டிகிரி வந்து வந்து மறைந்தால் கவலையில்லை. ஒரே சிலிண்டரில் நான்கு, ஐந்து டிகிரி என்று நிலைத்து நின்றால் அந்த பெட்ரோல் அந்த மேப்புக்குப் போதவில்லை, அல்லது அந்த சிலிண்டரின் பிளக்கில் கோளாறு. டேங்க் ரிசர்வுக்கு வந்தபின் வகையை மாற்றி, கணினி பழகிக்கொள்ளக் கொஞ்சம் ஓட்டிவிட்டு, அதே நேரத்தில், அதே சாலையில் மறுபடி பதிவு செய்து பாருங்கள். 95இலும் 100இலும் பதிவின் கோடு ஒன்றாகவே இருந்தால் உங்களுக்குக் கூடுதல் செலவு தேவையில்லை.

தினமும் ஓட்டும், 2023க்குப் பிந்தைய ஸ்டேஜ் 1 வெர்டஸ் என்றால் என் ஓட்டு 95 வகைக்கும் 95க்கு எழுதிய மேப்புக்கும். கூட்டம் அதிகமுள்ள பங்க்காகப் பார்த்து நிரப்புங்கள். பழைய போலோ என்றால் பாதிக்குப் பாதி; வாரக்கணக்கில் நிறுத்திவைக்கும் வழக்கம் இருந்தால், ஈரத்தை இழுக்காத 100ஐ முழுதாக நிரப்பிவிட்டு நிறுத்தலாம். டர்போவையே மாற்றி ஸ்டேஜ் 2க்கு மேல் போனவர்களுக்கும், இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்டுகிறவர்களுக்கும் 100 ஆடம்பரமல்ல, மேப்போடு சேர்ந்த உதிரி பாகம். ஆனால் நெல்லூர், விஜயவாடா என்று கிளம்பும்போது வழியில் 100 கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. ஆந்திராவில் பெட்ரோல் விலை கூடுதல் என்பதால் தடாவுக்கு முன்பே, ஆரம்பாக்கம் பக்கத்தில் டேங்கை நிரப்புவது லாரிக்காரர்களின் பழைய வழக்கம். அங்கே கிடைப்பது 95 என்றால் வண்டி அதிலும் ஓட வேண்டும். அதற்காக டியூனரிடம் 100க்கு ஒன்று, 95க்கு ஒன்று என இரண்டு ஃபைல்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காரில் இப்போது எது ஏற்றியிருக்கிறதோ அந்த எண்ணைப் பெரிதாக எழுதி, பெட்ரோல் மூடியின் உட்புறம் ஸ்டிக்கராக ஒட்டிவிடுங்கள். தம்பி வண்டியை எடுத்துக்கொண்டு போய் டேங்க் நிரப்பும் நாளில், பங்க் ஊழியரின் கண்ணில் படுவது அது ஒன்றுதான்.